தம் கதையைத் தாமே சொன்ன இமாம்

தன்னைப் பற்றித் தானே பேசுவதை நம் முன்னோர்கள் விரும்பியதில்லை. பேசப் பேச நாவு நீளும். நாவு நீள நீளப் பெருமையும் முகஸ்துதியும் கல்பில் வந்து குடியேறும் என்று அஞ்சினார்கள். ஒருவன் இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்து வைத்திருக்க, விடிந்ததும் அதைத் தானே நாலு பேரிடம் சொல்லித் திரிவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். அதே சமயம், இறைவன் தனக்குச் செய்த அருட்கொடையை எடுத்துச் சொல்லும்படி வள்ளுஹா சூராவின் கடைசியில் கட்டளையும் வந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் நடந்து காட்டியவர்களில் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்குத் தனி இடம் உண்டு.

அன்னாரின் இஹ்யாவை அறியாத முஸ்லிம் வீடுகள் குறைவு. ஆனால், ஐம்பது வயதைத் தாண்டிய பின் அன்னார் எழுதிய சிறிய நூலொன்று உண்டு. அல் முன்கிது மினள் ளலால் என்பது அதன் பெயர். வழிகேட்டிலிருந்து மீட்பது என்று பொருள் கொள்ளலாம். மார்க்கச் சகோதரர் ஒருவர், தாங்கள் பக்தாதில் அத்தனை மாணவர்கள் இருந்தும் ஏன் பாடம் நடத்துவதை விட்டீர்கள், நெடுங்காலம் கழித்து ஏன் மீண்டும் நைஸாபூரில் அதே வேலைக்குத் திரும்பினீர்கள் என்று கேட்டதற்கு விடையாக எழுதப்பட்டது அது. கேள்வி சிறியதுதான். அதற்கு விடை சொல்ல இமாம் அவர்கள் தம் வாழ்க்கை முழுவதையும் எடுத்து விரிக்க வேண்டியதாயிற்று.

ஹிஜ்ரி 450ல், அதாவது கி.பி. 1058ல், குராஸானில் உள்ள தூஸ் நகரில் அன்னார் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூல் நூற்று, அதைக் கடையில் விற்று வாழ்ந்த ஏழை. கையால் உழைத்த பணத்தைத் தவிர வேறெதையும் உண்ணாதவர். ஓய்வு கிடைக்கும் போதெல்லாம் ஃபிக்ஹு மேதைகளின் சபையில் போய் உட்காருவார். அவர்கள் பேசுவதைக் கேட்டு அழுவார். தமக்கு ஒரு ஃபகீஹான பிள்ளையைத் தரும்படி இறைஞ்சுவார். உபதேச மஜ்லிஸுக்குப் போனால் அங்கும் அழுகைதான்; மக்களுக்கு நல்லுபதேசம் செய்யும் பிள்ளை வேண்டும் என்று அங்கே துஆ. இரண்டு துஆவும் ஏற்கப்பட்டன. மூத்தவர் முஹம்மது ஃபகீஹானார். இளையவர் அஹ்மது பெரும் உபதேசியானார். ஆனால் அதைக் கண்டு மகிழத் தந்தைக்கு ஆயுள் இருக்கவில்லை. மரணத் தறுவாயில் சூஃபி நண்பர் ஒருவரை அழைத்து, எழுதப் படிக்கத் தாம் கற்காமல் போன ஏக்கத்தைச் சொல்லி, இரு மக்களையும் சிறு தொகையையும் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

அந்த நண்பரும் பரம ஏழை. இருந்த பணம் தீரும் வரை பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தீர்ந்ததும் ஒளிக்காமல் உண்மையைச் சொல்லி, மதரஸாவில் மாணவர்களாகச் சேர்ந்துவிட்டால் அங்கே கிடைக்கும் உணவு உங்கள் நாட்களைத் தள்ளப் போதுமானதாக இருக்கும் என்று யோசனை கூறினார். இரு சிறுவர்களும் அப்படியே போய்ச் சேர்ந்தார்கள். இதைப் பிற்காலத்தில் இமாம் அவர்களே எடுத்துச் சொல்வதுண்டு. நாங்கள் அல்லாஹ் அல்லாத ஒன்றுக்காகக் கல்வியைத் தேடிப் போனோம், அந்தக் கல்வியோ அல்லாஹ்வுக்காகவே அன்றி வேறெதற்கும் ஆக மறுத்துவிட்டது என்ற கருத்தில் சொல்வார்களாம். சோற்றுக்காக மதரஸாவின் படியேறினேன் என்று சொல்ல, உலகமே இமாம் என்று கொண்டாடும் ஒருவருக்கு மனம் வந்திருக்கிறது. மதரஸாவில் ஓதியவர்கள் இந்த இடத்தைக் கண் கலங்காமல் கடக்க முடியாது.

அன்னார் தம்மைப் பற்றிச் சொன்ன இன்னொரு செய்தியும் உண்டு. வாலிபப் பருவத்தில் ஜுர்ஜானுக்குப் போய் ஓதி, கேட்ட பாடங்களை எல்லாம் குறிப்புகளாக எழுதிக்கொண்டு ஊர் திரும்புகையில் வழிப்பறிக் கள்ளர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். வாலிபர் விடவில்லை, பின்னாலேயே நடந்தார். திரும்பிப் போகாவிட்டால் உயிர் போகும் என்று கள்ளர் தலைவன் மிரட்டினான். என் குறிப்புகளை மட்டும் கொடுத்துவிடு, அவை உனக்குப் பயன்படா, அவற்றைக் கேட்டு எழுதி அறியத்தான் ஊரைவிட்டுப் போனேன் என்று இவர் கெஞ்சினார். தலைவன் சிரித்துவிட்டான். நாங்கள் பையைப் பறித்ததும் கல்வியற்றவனாக நிற்கிறாயே, பிறகு எப்படி அதை அறிந்ததாகச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். அவனைப் பேச வைத்தது அல்லாஹ்தான் என்று இமாம் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தூஸ் திரும்பியதும் மூன்று வருடம் உட்கார்ந்து அத்தனையையும் மனனம் செய்து முடித்தார்கள். இச்செய்தியை அன்னாரின் மாணவர் ஒருவர் நேரில் கேட்டு அறிவித்திருக்கிறார். ஸல்ஜூக்கியரின் பெரும் வஜீரான நிஜாமுல் முல்க்கும் இதை அன்னாரிடமிருந்து அறிவித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கள்ளனிடம் கற்ற பாடத்தை வஜீரின் முன் சொல்ல அன்னார் வெட்கப்படவில்லை.

அதன் பின் நைஸாபூர் சென்று இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். ஹிஜ்ரி 478ல் உஸ்தாத் மறைந்ததும் நிஜாமுல் முல்க்கின் முகாமுக்குப் போனார்கள். அங்கே கூடியிருந்த மேதைகளுடன் வாதம் செய்து எல்லோரையும் மிகைத்தார்கள். ஹிஜ்ரி 484ல், கி.பி. 1091ல், பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியர் பதவி வந்தது. அப்போது வயது முப்பத்து நான்கு. முந்நூறு மாணவர்கள். கலீஃபாவின் அரண்மனையிலும் மரியாதை. அன்னார் பக்தாதுக்குள் நுழைந்த அன்று அணிந்திருந்த உடையையும் ஏறி வந்த வாகனத்தையும் மதிப்பிட்டதில் ஐந்நூறு தீனார் தேறியது என்று அந்நகரத்து ஆலிம் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த மதிப்பீட்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வெளியே இப்படி. உள்ளே என்ன நடந்தது என்பதை முன்கித் சொல்கிறது.

இருபது வயதுக்கு முன்பிருந்தே அன்னாருக்கு ஒரு தாகம். கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளை கிறிஸ்தவனாகவும் யூதர் வீட்டுப் பிள்ளை யூதனாகவும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை முஸ்லிமாகவும் வளர்வதைக் கண்டு, பெற்றோரைப் பார்த்து ஏற்றுக்கொண்டது போக, உறுதியான அறிவு என்பது என்ன என்று தேடினார்கள். தேடித் தேடி ஒரு கட்டத்தில் கண்ணையே நம்ப முடியாமல் போயிற்று. நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் அளவு என்று கண் சொல்கிறது. கணிதமோ அது பூமியை விடப் பெரியது என்கிறது. கண் பொய் சொல்வதை அறிவு காட்டிக்கொடுத்தது போல, அறிவு பொய் சொல்வதைக் காட்டிக்கொடுக்க அதற்கு மேல் ஒன்று இருந்தால் என்ன செய்வது? ஏறக்குறைய இரண்டு மாதம் இந்த நோய் அன்னாரைப் பிடித்திருந்தது. வாயால் எதையும் மறுக்கவில்லை. உள்ளம் மட்டும் பிடிமானம் இல்லாமல் தத்தளித்தது. வாதமோ ஆதாரமோ இதிலிருந்து மீட்கவில்லை, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஓர் ஒளிதான் மீட்டது என்று அன்னார் எழுதுகிறார்கள்.

இதை ஏன் எழுத வேண்டும்? மார்க்கத்தின் ஆதாரம் என்றே பட்டம் பெற்ற ஒருவர், எனக்கும் ஒரு காலத்தில் சந்தேக நோய் வந்தது என்று ஒப்புக்கொண்டால் மதிப்பு குறையாதா? குறையும் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஏதேனும் கேட்டால் வாயை மூடு என்று அதட்டிவிடுகிறோம். இமாம் அவர்கள் அதட்டவில்லை. அந்த நோயின் பெயரையும் அது இருந்த நாட்களையும் அதிலிருந்து எழுந்த விதத்தையும் சொன்னார்கள். இந்த ஒரு பகுதியினாலேயே அந்த நூலுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன்.

பிறகு இல்முல் கலாம் வல்லுநர்கள், பாத்தினிய்யாக்கள், பல்ஸபா என்னும் தத்துவ ஞானிகள், சூஃபியாக்கள் என்று நான்கு கூட்டத்தாரையும் ஒவ்வொருவராக ஆராய்ந்த வரலாறு வருகிறது. தத்துவ நூல்களை மட்டும், பாடம் நடத்தியும் எழுதியும் மிச்சமாகும் நேரத்தில், யாரிடமும் ஓதாமல் இரண்டு வருடத்துக்குள் படித்து முடித்தார்கள். மேலும் ஒரு வருடம் அவற்றையே நினைத்து அலசினார்கள். இதன் விரிவு ஆலிம்களுக்கு உரியது. இங்கே அது வேண்டாம். கடைசியில் அபூதாலிப் மக்கியின் கூத்துல் குலூப், ஹாரிதுல் முஹாஸிபியின் நூல்கள், ஜுனைது, ஷிப்லி, அபூயஸீத் பிஸ்தாமி ஆகியோரின் சொற்கள் ஆகியவற்றைப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. ஆரோக்கியம் என்றால் என்ன என்று இலக்கணம் சொல்வது வேறு. ஆரோக்கியமாக இருப்பது வேறு. நோயில் கிடக்கும் மருத்துவருக்கு ஆரோக்கியத்தின் இலக்கணமும் தெரியும், மருந்தும் தெரியும். உடம்பில்தான் அது இல்லை. துறவைப் பற்றித் தெரிந்திருப்பதும் துறந்தவனாக இருப்பதும் அப்படித்தான்.

அந்த அளவுகோலைத் தம் மீதே வைத்துப் பார்த்தார்கள். தம் அமல்களில் மிகச் சிறந்தது பாடம் நடத்துவதுதான். அதன் நிய்யத் என்ன என்று கேட்டுப் பார்த்தபோது, அல்லாஹ்வுக்காக என்று கல்பு பதில் சொல்லவில்லை. பதவியும் புகழும்தான் தூண்டியவை என்று தெரிந்தது. சரிந்து விழும் கரையின் விளிம்பில் நின்றுகொண்டிருப்பது புரிந்தது.

ஹிஜ்ரி 488 ரஜபிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் இழுபறி. காலையில் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட உறுதி பிறக்கும். மாலையில் நஃப்ஸு வந்து, இவ்வளவு பெரிய பதவியை விட்டால் திரும்பக் கிடைக்குமா என்று அதைக் கலைத்துவிடும். ஒரு காலை முன் வைத்தால் மறு காலைப் பின் வைத்தார்கள். கடைசியில் முடிவு செய்யும் வேலையே கையைவிட்டுப் போயிற்று. அல்லாஹ் நாவைப் பூட்டிவிட்டான். மாணவர்களின் மனத்தைத் திருப்திப்படுத்த ஒரு நாளாவது பாடம் நடத்தலாம் என்று முயன்றும் ஒரு சொல் வெளிவரவில்லை. அந்தக் கவலையில் உணவும் இறங்கவில்லை. ஒரு கவளம் கூடச் செரிக்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டார்கள். இது கல்பில் தொடங்கி உடம்புக்கு வந்த நோய், கல்பு ஆறினால்தான் ஆறும் என்றார்கள். அப்போதுதான் அன்னார் வேறு கதியற்றவராக அல்லாஹ்விடம் சரணடைந்தார்கள். பதவியையும் செல்வத்தையும் விடுவது எளிதாயிற்று.

ஹிஜ்ரி 488 துல்கஃதாவில், கி.பி. 1095 நவம்பரில், மக்காவுக்குப் போவதாக வெளியே சொல்லிக்கொண்டு, ஷாமுக்குப் போகும் எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பக்தாதை விட்டுக் கிளம்பினார்கள். உண்மை தெரிந்தால் கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவார்கள் என்ற அச்சம். பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மற்றச் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நிஜாமிய்யாவில் தம்பி அஹ்மது பதிலாக இருந்து பாடம் நடத்தினார். மக்கள் பலவிதமாகப் பேசினார்கள். ஆட்சியாளர்களுக்குப் பயந்து ஓடுகிறார் என்றவர்களும் உண்டு. நிஜாமுல் முல்க் ஹிஜ்ரி 485ல் கொலையுண்டிருந்ததாலும் அரசியல் குழப்பம் மிகுந்திருந்ததாலும் இக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் சிலரும் அப்படி ஐயப்படுகிறார்கள். பயந்து ஓடுகிறவன் ஊரிலும் பதவியிலும் இடம் தேடுவான். பத்து வருடத்துக்கு மேல் பதவியே இல்லாமல் இருக்கமாட்டான் என்பது என் எண்ணம்.

திமிஷ்கில் ஏறக்குறைய இரண்டு வருடம். ஜாமிஉ மஸ்ஜிதின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருப்பார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ். அங்கும் குப்பத்துஸ் ஸக்ராவுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொள்வது நாள்தோறும் வழக்கம். கலீல் நகரில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, இனி எந்த சுல்தானிடமும் போவதில்லை, சுல்தானின் பணத்தை வாங்குவதில்லை, யாருடனும் வாதப் போர் செய்வதில்லை என்று மூன்று சத்தியங்கள் செய்தார்கள். பின் ஹஜ்ஜு. இந்த ஆண்டுகளில்தான் நாற்பது கிதாபுகள் கொண்ட இஹ்யா உருவானது.

பிறகு நடந்ததை இமாம் அவர்கள் மறைக்கவில்லை. பிள்ளைகளின் நினைவு இழுத்தது. யார் திரும்பினாலும் தாம் திரும்பமாட்டோம் என்று இருந்தவர் ஊர் திரும்பினார்கள். குடும்பப் பாரமும் பிழைப்பும் தனிமையைக் கலைத்தன. தெளிவான நிலை இடையிடையேதான் கிடைத்தது. வலிமார்களின் வரலாறுகளில் சாதாரணமாக நாம் இதைப் படிப்பதில்லை. பிள்ளை அழுத சத்தத்தில் திக்ரு கலைந்த தாய்மார்கள் எத்தனையோ பேர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இஹ்யாவை எழுதியவருக்கும் வீடு இருந்தது.

சொல்லாமல் விட்டதும் உண்டு. பத்து வருடத் தனிமையில் தமக்குத் திறந்து காட்டப்பட்டவற்றை எண்ணிச் சொல்ல முடியாது என்று கூறி, பயன் தரும் அளவை மட்டும் சொல்லிவிட்டு அந்தக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நோயைச் சொன்னார்கள், பெருமையைச் சொன்னார்கள், நாவு அடைத்ததைச் சொன்னார்கள், கராமத்துகளைச் சொல்லவில்லை. தன் கதையைச் சொல்ல விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். அன்னார் தங்கி அழுத பைத்துல் முகத்தஸ் சில ஆண்டுகளுக்குள், கி.பி. 1099ல், சிலுவைப் படையினர் கையில் வீழ்ந்தது. அதைப் பற்றியும் முன்கிதில் ஒரு சொல் கிடையாது. கேட்ட சகோதரரின் கேள்விக்கு வேண்டியதை விட்டு அந்த நூல் விலகுவதே இல்லை.

அந்தக் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு இப்போது வருவோம். ஊரில் தனித்திருந்த இமாம் அவர்கள் தொழுகையிலும் மார்க்கத்திலும் தளர்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். ஒருவன் தத்துவம் படித்ததாகச் சொன்னான். ஒருவன் தஸவ்வுஃபில் உயர்ந்துவிட்டதால் இனி அமல் தேவையில்லை என்றான். இன்னொருவன், பெரிய ஆலிம்களே பேணவில்லையே, நான் பேணுவானேன் என்று கேட்டான். இந்த நோய்கள் அனைத்தையும் தாமே நடந்து கடந்து வந்திருந்ததால், இவர்களுக்கு மருந்து சொல்வது தமக்கு எளிது என்று அன்னாருக்குப் பட்டது. அறையில் அடைந்து கிடப்பது இனி சோம்பலும் சுகமும் தேடுவதாகிவிடுமோ என்ற அச்சமும் வந்தது. அந்த வேளையில் வஜீர் ஃபக்ருல் முல்க் நைஸாபூருக்கு வரும்படி வற்புறுத்தினார். கல்புடையோர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அனைவரும் போகும்படியே சொன்னார்கள். ஹிஜ்ரி 499 துல்கஃதாவில், பக்தாதை விட்டுச் சரியாகப் பதினொரு வருடம் கழித்து, நைஸாபூர் போய்ச் சேர்ந்தார்கள்.

பாடம் நடத்தத் திரும்பிவிட்டதாக மக்கள் பேசினார்கள். இமாம் அவர்கள் அதை மறுக்கிறார்கள். முன்பு எந்தக் கல்வியால் பதவி கிடைக்குமோ அந்தக் கல்வியைச் சொல்லாலும் செயலாலும் பரப்பினேன். இப்போது எந்தக் கல்வியால் பதவி விடப்படுமோ அதன் பக்கம் அழைக்கிறேன் என்ற கருத்தில் எழுதுகிறார்கள். இருந்த இடம் மதரஸாதான், முன்னே இருந்தவர்கள் மாணவர்கள்தான். நிய்யத் மாறியிருந்தது. அப்படி எழுதியவுடன், நான் என்னையும் பிறரையும் சீர்திருத்த விரும்புகிறேன், விரும்பியதை அடைவேனோ, அடையாமலே முறிந்து விழுவேனோ அறியேன் என்ற பொருளும் தொடர்ந்து வருகிறது. ஐம்பது வயதைத் தாண்டி, இஹ்யாவையும் எழுதி முடித்தவர் அஞ்சிக்கொண்டு எழுதிய இடம் இது.

நைஸாபூரில் அன்னாரைப் பலமுறை சந்தித்தவர் அப்துல் காஃபிர் ஃபாரிஸி என்னும் கதீபு. இளமையில் இமாம் அவர்களிடம் இருந்த கடுகடுப்பும், பிறரைத் துச்சமாகப் பார்க்கும் பார்வையும், நாவன்மையில் இருந்த மயக்கமும் அவருக்குத் தெரியும். இப்போது நேர்மாறாகக் கண்டு, இது நடிப்பாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆராய்ந்து பார்த்த பின் நடிப்பில்லை என்று தெளிந்தார். இரவு நேரங்களில் இமாம் அவர்கள் தம் ஆரம்ப நாட்களிலிருந்து நடந்ததை எல்லாம் தங்களுக்குச் சொன்னதை அவரே பதிவு செய்திருக்கிறார். வீட்டை விட்டு ஏன் நைஸாபூர் வந்தீர்கள் என்று அவர்களும் கேட்டார்கள். தேடி வருவோர்க்குப் பயனளிப்பதிலிருந்து ஒதுங்கி நிற்க என் மார்க்கத்தில் எனக்கு அனுமதி இல்லை என்ற பொருளில் அன்னார் விடையளித்தார்கள். பக்தாதுக்கு முதலில் வந்தபோது ஐந்நூறு தீனார் மதிப்பிட்ட அந்த ஆலிம், துறவு பூண்டு பயணங்கள் முடித்து அன்னார் மீண்டும் அந்நகருக்கு வந்தபோது அணிந்திருந்ததையும் மதிப்பிட்டிருந்தார். பதினைந்து கீராத்து! ஒரு தீனார் கூட முழுதாகத் தேறவில்லை.

ஃபக்ருல் முல்க்கும் ஹிஜ்ரி 500ல் கொலையுண்டார். சில காலத்தில் இமாம் அவர்கள் நைஸாபூரை விட்டு தூஸுக்கே திரும்பினார்கள். வீட்டருகில் மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் சூஃபியாக்களுக்கு ஒரு கான்காவும் அமைத்தார்கள். குர்ஆனை ஓதி முடிப்பது, கல்புடையோருடன் அமர்வது, பாடம் நடத்துவது என்று நேரம் பங்கிடப்பட்டிருந்தது. கடைசிக் காலத்தில் ஹதீஸின் பக்கம் முழுமையாகத் திரும்பி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹுகளையும் மாணவரைப் போல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை, கி.பி. 1111 டிசம்பர். தம்பி அஹ்மது அருகில் இருந்தார். அவர் வாயிலாகத்தான் இச்செய்தி நமக்குக் கிடைக்கிறது. சுப்ஹு நேரத்தில் இமாம் அவர்கள் ஒளூச் செய்து தொழுதார்கள். கஃபன் துணியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றி, அரசனின் சமுகத்துக்குள் நுழையக் கீழ்ப்படிந்தேன் என்ற பொருள்படச் சொல்லிக் காலை நீட்டினார்கள், கிப்லாவை நோக்கினார்கள். பொழுது நன்றாக விடிவதற்கு முன் ரூஹு பிரிந்துவிட்டது. அப்போது அன்னாருக்குச் சந்திர ஆண்டுக் கணக்கில் ஐம்பத்தைந்து வயது. ஆண் வாரிசு இல்லை, பெண்மக்களே இருந்தார்கள்.